கேன் தண்ணீரில் கழுவிய படம்

நான் கலைஞன் இல்லை. காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. அஸ்தினாபுரத்தில் ஆறு வீடுகள் உள்ள ஒரு ஃப்ளாட்டில் இரண்டாவது மாடியில் தனியாக வாடகைக்கு இருக்கிறேன். என் தலைக்கு மேலே மொட்டை மாடி. அங்கே வெயில். சயனோடைப் என்கிற நீல நிற போட்டோ போட அது போதும்.

செய்முறை பெரிய வித்தை இல்லை. போனில் எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் கருப்பு வெள்ளையாக்கி, கருப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கருப்பாகவும் மாற்றி, ஓ.எச்.பி. ஷீட் என்கிற கண்ணாடித்தாளில் பிரின்ட் எடுத்தால் நெகட்டிவ் தயார். இரண்டு மருந்துகளைக் கரைத்துக் கலந்து, மங்கலான விளக்கில் தடித்த காகிதத்தில் பிரஷ்ஷால் பூசிக் காய வைக்க வேண்டும். அதன்மேல் நெகட்டிவ், அதன்மேல் கண்ணாடி, சுற்றிலும் க்ளிப். சித்திரை வெயிலில் எட்டு நிமிடம். பிறகு தண்ணீரில் கழுவினால், வெயில் பட்ட இடம் நீலமாக நிற்கும்.

தண்ணீரில் கழுவினால் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். எல்லாம் அங்கேதான் கெட்டது.

கீழ் வீட்டு டீச்சரின் மகளுக்கு அந்த மே மாதம் சர்ச்சில் புதுநன்மை, முதல் நற்கருணை. நான்காம் வகுப்புப் பெண். வெள்ளை கவுன் தைத்து வந்ததும் டீச்சர் ஒரு படம் போட்டுத் தரச் சொன்னார். மாடிப்படியில் நிற்க வைத்து எடுத்தேன். நெகட்டிவைக் காட்டியதும் அவள் முகம் சுளித்தாள்.

"பல்லெல்லாம் கருப்பா இருக்கு அங்கிள். நான் என்ன பேயா?"

வெயிலில் வைத்தால் மனுஷி ஆகிவிடுவாய் என்றேன். சிரித்துக்கொண்டே ஓடினாள்.

முதல் படத்தை மாடிக் குழாய்த் தண்ணீர் பிடித்த தட்டில் போட்டேன். நல்ல நீலம் வந்தது. கால் மணி நேரம் ஊறட்டும் என்று டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது படத்தில் முகம் வெளிறியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலம் கரைந்தது. கன்னத்திலும் கண்ணைச் சுற்றியும் அழுக்கு மஞ்சள் ஏறியது.

என் தப்பு என்றுதான் நினைத்தேன். மருந்தைப் புதிதாகக் கலந்தேன். காகிதத்தை மாற்றினேன். மருந்து விற்றவனை போனில் திட்டினேன். அடுத்த சனிக்கிழமையும் அதே மஞ்சள் முகம். அதற்கடுத்த சனிக்கிழமை மோட்டார் ஓடவில்லை, குழாயில் தண்ணீர் இல்லை. வேறு வழியில்லாமல் குடிக்கிற கேன் தண்ணீரை ஊற்றிக் கழுவினேன். நீலம் அசையவில்லை.

அப்போதே புரிந்தது. மோட்டார் சரியானதும் குழாய்த் தண்ணீரைத் தட்டில் பிடித்து முகர்ந்தேன். லேசான சோப்பு வாடை. சோப்புக் காரம் பட்டால் இந்த நீலம் நிற்காது. தரைக்கடியில் இருக்கும் சம்ப் தொட்டியில் ஏதோ கலக்கிறது.

என்ன செய்தேன்? வாரத்துக்கு ஒரு கேன் கூடுதலாகப் போடச் சொன்னேன். அவ்வளவுதான்.

அதற்குக் காரணமும் வைத்திருந்தேன். தை மாதம் வீட்டுக்காரர்கள் சங்க மீட்டிங்கில் சம்ப் மூடி உடைந்திருக்கிறது என்று பேச வாயெடுத்தபோது, வாடகைக்கு இருப்பவர்கள் கேட்கலாம், பேசக் கூடாது என்று செக்ரட்டரி உட்கார வைத்தார். பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். சரி, உங்கள் தண்ணீர், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று எனக்கு வீம்பு.

எல்லா வீட்டிலும் குடிக்கக் கேன்தான். ஆனால் பல் விளக்க, வாய் கொப்பளிக்க, மாம்பழம் கழுவ சம்ப் தண்ணீர்தான்.

டீச்சர் பெண்ணுக்குக் காய்ச்சல் என்றார்கள். பிறகு வாந்தி. பிறகு குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மஞ்சள் காமாலை, ஈரலை ரொம்பவே பாதித்துவிட்டது, இன்னும் நான்கு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்று டாக்டர் சொன்னாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை செக்ரட்டரி இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். நேராகக் குளியலறைக்குப் போய் மருந்து பாட்டிலை எடுத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"சயனைடுன்னு போட்டிருக்கே சார்."

"முன்னாடி ஃபெர்ரின்னு போட்டிருக்கு. அதையும் சேத்துப் படிங்க. விஷ சயனைடு வேற, இது வேற."

"நீங்க தனியாள். மாடியில கெமிக்கல் ஊத்துறீங்க. கீழ குழந்தை படுத்துடுச்சு. போலீஸ் கேட்டா நாங்க என்ன சொல்றது?"

மஞ்சளாய்ப் போன படம் ஒன்றையும் நீலமாய் நின்ற படத்தையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். சம்ப் பக்கத்தில் எல்லா வீட்டுக்காரர்களும் நின்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து துணி எடுக்க வந்திருந்த டீச்சரும் பையோடு நின்றார். நான் அவரைக் கவனிக்கவில்லை. இரண்டு படங்களையும் தூக்கிக் காட்டினேன்.

"இது சம்ப் தண்ணியில கழுவினது. இது கேன் தண்ணியில. என் மருந்து உங்க தண்ணியைக் கெடுக்கல. உங்க தண்ணிதான் என் படத்தைக் கெடுக்குது. மூடியைத் திறந்து பாருங்கய்யா."

எல்லாரும் சம்ப் மூடியைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். டீச்சர் என் பக்கத்தில் வந்து மஞ்சள் படத்தைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த மகளின் அதே மஞ்சள் முகம்.

"எப்பத்துலேர்ந்து தெரியும்ண்ணா?"

பொய் சொல்லியிருக்கலாம். உண்மை வாயில் வந்துவிட்டது.

"மூணு வாரமா."

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டைத் திறந்து போனார்.

மூடியைத் திறந்தார்கள். சம்ப் சுவரை ஒட்டிப் போகும் கழிவுநீர்க் குழாய் விரிசல் விட்டிருந்தது. வாஷிங் மெஷின் தண்ணீரும் கக்கூஸ் தண்ணீரும் ஒரே குழாய். செக்ரட்டரி அந்தப் பாட்டிலைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

பெண் பிழைத்தாள். கிருமி உள்ளே போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அப்படியானால் நான் வாய் திறந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. அதைப் பிடித்துக்கொண்டு தூங்கப் பார்த்தேன். வரவில்லை. அவள் வாய் கொப்பளித்த தண்ணீரை என் காகிதத்துக்கு ஆகாது என்று ஒதுக்கியவன் நான்.

புதுநன்மை அவளில்லாமல் நடந்தது. ஜூனில் அவர்கள் கோவிலம்பாக்கம் பக்கம் வீடு மாறினார்கள். லாரியில் சாமான் ஏற்றும்போது கேன் தண்ணீரில் கழுவிய படத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். டீச்சர் வாங்கவில்லை. பெண் லாரிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். கழுத்து குச்சியாக இருந்தது. கை அசைக்கவில்லை.

விரிசல் விட்ட குழாயைச் சரிசெய்து, சம்ப்புக்கு டைல்ஸ் போட்டாயிற்று. இனிமேல் பயமில்லை என்று செக்ரட்டரி சொல்கிறார். நான் இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு துண்டு நீலக் காகிதத்தைக் குழாய்த் தண்ணீரில் போட்டுப் பார்க்கிறேன். எட்டு மாதம் நீலம் நின்றது.

போன சனிக்கிழமை ஓரத்தில் வெளிறியிருந்தது. இந்தமுறை காத்திருக்கவில்லை. ஈரக் காகிதத்தோடு ஐந்து கதவையும் தட்டினேன். டீச்சர் இருந்த வீட்டில் இப்போது கைக்குழந்தையோடு ஒரு தம்பதி. குழந்தையின் அம்மா காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"செக்ரட்டரி சார் உங்களப் பத்திச் சொல்லியிருக்கார்" என்று கதவைச் சாத்தினாள்.

உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. மறுபடியும் தட்டினேன்.