ஐம்பத்து மூன்று லட்சமும் ஒரு கிணறும்

போன செவ்வாய்க்கிழமை, பாகூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு கிணறு கைமாறியது. யாரும் விற்கவில்லை. யாரும் வாங்கவில்லை. ஒரு பெருக்கல் கணக்கில் போய்விட்டது. கணக்குப் போட்டவன்... வேறு யார்? நான்தான்.

என் பைத்தியம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பள்ளிக்கூடத்தில் மெட்ரிக் அளவு படித்த நாள் முதல் எனக்குக் கை சும்மா இருப்பதில்லை. காணி, குழி என்று யாராவது வாயைத் திறந்தால் போதும் — பென்சில் வெளியே வந்துவிடும். இருபத்து நாலு அடிக் கோல். கோலுக்குக் கோல் சதுரம் ஒரு குழி. நூறு குழி ஒரு காணி. அதை ஆர் ஆக்குவேன், சாந்தியார் ஆக்குவேன். ஆர் என்றால் நூறு சதுர மீட்டர், சாந்தியார் என்றால் ஒரு சதுர மீட்டர். சர்க்கார் அதோடு நிறுத்திக்கொள்கிறது. நான் நிறுத்துவேனா? சதுர சென்டிமீட்டர் வரை போனால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

முனியம்மா அக்காவுக்குப் பத்துக் குழி நிலம், அதன் மேற்கு ஓரத்தில் ஒரு கிணறு. புருஷன் தை மாதம் காலமாகிவிட்டார். நிலத்தைத் தன் பேருக்கு மாற்ற மனுப் போடவேண்டும். மனுவில் பரப்பு மெட்ரிக்கில் இருக்கவேண்டும். என்னைத் தேடி வந்தார்.

"பத்துக் குழிதானே அக்கா?"

"பத்துதான் தம்பி. எங்க மாமனார் காலத்துலேருந்து பத்து."

இவ்வளவுதான் கேட்டேன். உட்கார்ந்த இடத்திலேயே பெருக்கினேன். ஐந்து ஆர் முப்பத்தைந்து சாந்தியார். அதன் கீழே, யாரும் கேட்காமலே — ஐம்பத்து மூன்று லட்சத்து ஐம்பத்தோராயிரத்து இருநூற்றுப் பதினைந்து சதுர சென்டிமீட்டர்! கணக்கிட்டவன் என்று கையெழுத்தும் போட்டேன். உரக்கப் படித்தும் காட்டினேன்.

கூட வந்த நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அடியே, அம்பத்திமூணு லட்சமாம்டி! இனிமே எங்கிட்டல்லாம் பேசுவியா?"

"பேசறேன், பேசறேன். நீ மொதல்ல வாங்கினு போன மொறத்தக் குடு."

மேற்குப் பக்கத்து நிலக்காரர் சின்னசாமிக்கு அந்தக் கிணற்றின் மேல் நெடுநாளாக ஒரு கண். மனுவுக்கு நகல் வாங்கினார்; அளக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். சர்வே ஆட்கள் வந்து கிழக்கு வரப்பிலிருந்து சங்கிலி பிடித்தார்கள். என் ஐந்து ஆர் முப்பத்தைந்து முடிந்த இடத்தில் முளை அடித்தார்கள்.

கிணறு முளைக்கு அந்தப் பக்கம்.

ஓடினேன். அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்த வயலில் கயிறு பிடித்தேன். தொண்ணூற்று மூன்று சாந்தியார் கூடுதலாக வந்தது! எப்படி?

"அக்கா, உங்க ஊர்க் கோல் எத்தனை அடி?"

"இருவத்தி ஆறு."

"இருபத்து நாலுதானே!"

"இருவத்தி நாலு பயிருக்கு. ரெண்டு வரப்புக்கு. வரப்பு இல்லாம வயலு ஏது தம்பி? படிச்ச புள்ள, இது தெரியாதா உனக்கு?"

தெரியாது. நான் கேட்கவில்லை. அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் சொல்லவுமில்லை.

மனுப் போட்ட ஆபீசுக்குப் போய், தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். அதிகாரி இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"சதுர சென்டிமீட்டர் வரைக்கும் எழுதினவர், ஒரு கெணத்தையே வுட்டுட்டேன்னு சொல்றீரா? இவ்ளோ துல்லியமா எழுதினவர் கணக்கு எப்படிய்யா தப்பாவும்? ரெண்டாவது காயிதம் அந்தம்மா அழுததால எழுதினது."

கடைசி இலக்கம் வரை எழுதிய காகிதத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. ரவுண்டாக எழுதியிருந்தால் கோல் எடுத்துக்கொண்டு வயலுக்கு வந்திருப்பார்கள். என் துல்லியம்தான் என் பொய்க்குச் சாட்சி சொன்னது. பட்டணத்துக் கோர்ட்டுக்குப் போகலாமாம். ஒரு வருஷம் ஆகுமாம். நாற்று ஒரு வருஷம் காத்திருக்குமா?

செவ்வாயன்று சின்னசாமி கிணற்றைச் சுற்றி முள் அடைத்தார். அக்கா இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். திட்டவில்லை.

"நான் பத்துன்னு சொன்னது பத்துதானே தம்பி? அதுல பொய்யில்லியே?"

"இல்லக்கா."

"அப்ப செரி."

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏரிப் பக்கம் நடந்தார் — நாற்றங்காலுக்குத் தண்ணீர் கொண்டுவர.

எத்தனை குடம் ஆகும் என்று நான் கணக்குப் போடவில்லை.