பதினான்கு கேள்விக்கும் ‘இல்லை’

‘இல்லை’ என்று எழுதுவதில் எனக்குப் பத்து வருஷ அனுபவம் உண்டு. தேர்வாய் கண்டிகையில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு முறை உடம்புப் பரிசோதனை நடக்கும். அதற்கு முன்னால் ஒரு படிவம் தருவார்கள். மயக்கம் வருமா, வலிப்பு உண்டா, முதுகு வலிக்குமா என்று வரிசையாகக் கேள்விகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டங்கள். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எங்கள் லைனில் உள்ள பெண்கள் தங்கள் படிவத்தையும் என்னிடமே தள்ளிவிடுவார்கள். நான் கேள்வியைப் படிக்கவே மாட்டேன். வலது பக்கக் கட்டத்தில் மேலிருந்து கீழே டிக், டிக், டிக். ஒரு வருஷம் ஒருத்தி மட்டும் மயக்கத்துக்கு நேரே ‘ஆம்’ போட்டாள். அந்தப் புண்ணியவதியைத் திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டான். அதன் பிறகு எங்கள் லைனில் யாருக்கும் எந்த வியாதியும் வந்ததில்லை.

இந்தப் பழக்கத்தினால்தான் என் வீட்டுக்காரரின் கண்ணைப் பறிக்கப் பார்த்தேன்.

அவர் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வெல்டர். இருபத்திரண்டு வருஷமாக அதே புகை, அதே பொறி. எனக்கு முதலில் தெரிந்தது கை நடுக்கம் இல்லை, முகம். சிரிப்பதை நிறுத்திவிட்டார். டிவியில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிற காட்சி வந்தாலும் கல்லாக உட்கார்ந்திருப்பார். என் மேல்தான் ஏதோ கோபம் என்று நினைத்தேன். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம்தான்.

“இன்னாய்யா, மூஞ்ச உம்முனு வெச்சினு கீற? நான் இன்னா பண்ணேன் ஒனக்கு?”

“நான் எங்கம்மே உம்முனு கீறேன்? எப்பவும் போலத்தான கீறேன்.”

அந்த ‘எப்பவும் போல’வைக்கூட முகம் அசையாமல் சொன்னார். நான் ஒரு மாசம் அவரோடு சரியாகப் பேசவில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவேன். அப்புறம் ஒரு நாள் மாதா கோயிலுக்குக் கிளம்பும்போது சட்டைப் பொத்தான் போட முடியாமல் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஒரே பொத்தானை நாலு தடவை பிடித்தார், நாலு தடவையும் நழுவியது. வலது கை தனியாக ஆடிக்கொண்டிருந்தது. நான் பார்த்ததைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். என் கோபமெல்லாம் அந்த நிமிஷமே போய் அந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

உள்ளூர் டாக்டர் எங்களைச் சென்னைக்கு அனுப்பினார். புறநகர் ரயிலில் போனோம். பெரிய ஆஸ்பத்திரி. அங்கே மூளை நரம்பைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற ஒரு பிரிவு இருந்தது. வெல்டர் என்று சொன்னதும் அங்கிருந்து ஒரு பெண் டாக்டர் எங்களைத் தேடி வந்தாள். முப்பது வயசுகூட இருக்காது. விரலைத் தட்டச் சொன்னாள், நடக்கச் சொன்னாள், ஒரு தாளைக் கொடுத்து ஜிலேபி மாதிரி சுற்றிச் சுற்றி வரையச் சொன்னாள். இவர் வரைந்த ஜிலேபி சுற்றுக்குச் சுற்று கோணிக்கொண்டே போனது. பத்து மில்லிமீட்டர் தகட்டில் நூல் பிடித்த மாதிரி ஒட்டுப்போடுகிற கை அது. அவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சிரிக்கலன்னு இவர்மேல கோவப்பட்டீங்களாக்கா?” என்று அந்த டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார் சொன்னார்கள் இவளுக்கு?

“நிறைய வீட்டுல இதான் நடக்குது. அவருக்குச் சிரிப்பு வருது, முகம்தான் கேக்க மாட்டேங்குது. அதுவும் நோய்தான்.”

ஒரு மாசமாக நான் தட்டை ணங்கென்று வைத்த சத்தமெல்லாம் காதில் கேட்டது. அவரைத் திரும்பிப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

அவள் விவரமாகச் சொன்னாள். வெல்டிங் புகையில் மாங்கனீஸ் என்று ஒரு உலோகம் இருக்கிறது. வருஷக்கணக்கில் உள்ளே போனால் அது மூளையில் ஓரிடத்தில் போய்த் தங்கலாம். அதனால் வந்த நடுக்கமா, இல்லை புகைக்குச் சம்பந்தமே இல்லாமல் வருகிற நடுக்கு வாதமா என்று வெளியிலிருந்து பார்த்து மட்டும் பிரிக்க முடியாது. வாதத்துக்கு மாத்திரை நன்றாகக் கேட்கும், புகையால் வந்ததற்கு அவ்வளவாகக் கேட்காது. ஸ்கேன் எடுத்தால் கொஞ்சம் தெரியும். “எங்களுக்கே இதுல தெரியாதது நிறைய இருக்குக்கா. உங்கள மாதிரி ஆளுங்க வந்தாதான் தெரிஞ்சிக்க முடியும்” என்றாள். தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அது எனக்குத் தைரியம் தரவில்லை, இன்னும் பயத்தைத்தான் தந்தது.

இவருக்கோ வேறு பயம். “பட்டறைக்குத் தெரிஞ்சிடுமா?” என்று மூன்று தடவை கேட்டார். பேர் போடமாட்டோம், நம்பர்தான் போடுவோம் என்று அவளும் மூன்று தடவை பொறுமையாகச் சொன்னாள்.

ஸ்கேனுக்கு அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். மத்தியானம் போய் உட்கார்ந்ததும் ஒரு படிவத்தைக் கையில் கொடுத்தார்கள். பதினான்கு கேள்விகள். எதிரே ‘ஆம்’, ‘இல்லை’. அதைப் பார்த்ததும் என் கைக்குத் தன் வேலை தெரிந்துவிட்டது. படிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். இதயத்தில் கருவி வைத்திருக்கிறதா என்பதைப் படித்தேன். கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் பட்டதா என்பதையும் படித்தேன். ‘ஆம்’ போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், இவரை இன்னொரு தடவை கிளப்பிக் கொண்டுவர முடியாது என்று ஒரு நொடி தோன்றியது. அவ்வளவுதான். வலது பக்கக் கட்டத்தில் மேலிருந்து கீழே பதினான்கு டிக் போட்டுக் கொடுத்தேன்.

“எல்லாமே இல்லதானம்மா?” என்று ஸ்கேன் எடுக்கிறவர் கேட்டார்.

“எல்லாம் இல்ல சார்.”

இவர் உடுப்பு மாற்றிக்கொண்டு வந்ததும், கழற்றிய சட்டையின் பையிலிருந்து வீட்டுச் சாவியையும் இன்ச் டேப்பையும் வாங்கி வைத்துக்கொண்டேன். தனியாக அந்தக் குழாய்க்குள் படுக்க மாட்டேன் என்று அவர் பிடிவாதம் பிடித்ததால் நானும் அறைக்குள் கூட நிற்கலாம் என்று சொன்னார்கள். அதற்கு என் மேலிருந்த உலோகமெல்லாம் கழற்ற வேண்டும். கம்மலைக் கழற்றினேன். கொண்டை ஊசியை எடுத்தேன். தாலிச் சங்கிலியில் எப்போதும் நாலைந்து சேப்டி பின் தொங்கும், அவசரத்துக்கு ஆகும் என்று.

“அந்தப் பின்னை எல்லாம் முதல்ல எடும்மா. உள்ள இருக்கறது எவ்ளோ பெரிய காந்தம் தெரியுமா? இரும்புச் சேரையே இழுத்துடும். பின்னெல்லாம் பாய்ஞ்சினு போவும்.”

அதற்குள் இவரை முன்னால் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நான் வெளியே நின்று பின்களை ஒவ்வொன்றாகக் கழற்றி உள்ளங்கையில் போட்டேன். காந்தம் என்ற சொல் மட்டும் தலைக்குள் நின்றுகொண்டது.

இவருடைய பட்டறையில் ஒரு மேஸ்திரி இருந்தார். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் ஒன்றை எப்போதும் பையில் வைத்திருப்பார். கிரைண்டிங் பண்ணும்போது யார் கண்ணிலாவது இரும்புத் துகள் தெறித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடமாட்டார்கள், அவரிடம் ஓடுவார்கள். தீக்குச்சியால் இமையைப் புரட்டி, காந்தத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் காட்டுவார். துகள் டக்கென்று அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். “டாக்டராண்ட போனா ஒரு நாளு லீவு. மேஸ்திரியாண்ட ஒரு நிமிசம்” என்று இவர் அதைப் பெருமையாகச் சொல்வார். போன வருஷம் இவருக்கும் அப்படி ஒன்று தெறித்தது. அந்தத் தடவை காந்தத்தில் ஒன்றும் ஒட்டவில்லை. கண் ஒரு வாரம் சிவந்திருந்தது. அப்புறம் சரியாகிவிட்டது. கண்ணீரோடு போயிருக்கும் என்றார், நானும் விட்டுவிட்டேன்.

போகவில்லை என்றால்?

கையிலிருந்த பின்களைக் கீழே போட்டேன். “நிறுத்துங்க! அவர வெளிய இட்னு வாங்க! கண்ல இரும்பு கீது!” என்று நான் போட்ட கூச்சலுக்கு வராந்தாவே திரும்பியது. உள்ளே ஓடப் பார்த்தேன், ஒருவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இவர் அந்தப் பலகையில் படுத்திருந்தார், தலை இன்னும் குழாய்க்குள் போகவில்லை. ஏசப்பா, ஏசப்பா என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை வரவில்லை.

எழுந்திருக்க விடாமல் அந்தப் பலகையோடு மெதுவாக அவரை வெளியே கொண்டுவந்தார்கள். பெண் டாக்டர் ஓடி வந்தாள்.

“அண்ணா, கண்ணுல இழுக்கற மாதிரி, வலிக்கற மாதிரி ஏதாவது இருந்துச்சா?”

“இல்ல” என்றார் இவர்.

அந்த ‘இல்ல’வை அங்கே ஒருவரும் நம்பவில்லை. நேராக எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார்கள். நான் வராந்தாவில் உட்கார்ந்து அவரை ஒரு கண் மாற்றி ஒரு கண்ணை மூடச்சொல்லி விரலைக் காட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தேன். “எத்தினி? இப்ப எத்தினி?” அவர் சரியாகச் சொன்னாலும் என்னால் நிறுத்த முடியவில்லை.

படத்தை டாக்டர் கொண்டுவந்து வெளிச்சத்தில் காட்டினாள். வலது கண் இருக்கிற இடத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி. அரிசிக் குருணையில் பாதிகூட இல்லை. இவர் தலை குழாய்க்குள் போயிருந்தால் அந்தக் காந்தம் அதைக் கண்ணுக்குள்ளேயே இழுத்துக் கிழித்திருக்கும் என்றாள். எனக்கு அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. புதுப் படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு எங்கள் எதிரில் உட்கார்ந்தாள்.

“இந்த வாட்டி நான் கேக்கறேன். அண்ணாதான் பதில் சொல்லணும். நீங்க எழுதக் கூடாதுக்கா.”

ஒவ்வொன்றாகக் கேட்டாள். நடுக்கம் எப்போது தொடங்கியது என்று கேட்டபோது நான் ஆறு மாசம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, “மூணு வருசம் ஆவுது” என்றார். மூன்று வருஷமாக என்னிடமும் அவர் ஒரு ‘இல்லை’ போட்டு வைத்திருந்தார். நான் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன், கோபப்படத் தெம்பு இல்லை.

“அந்தத் துகள மேஸ்திரியால ஏன் எடுக்க முடியல?” என்று, நான் முன்பே சொல்லியிருந்த மேஸ்திரி கதையை வைத்து டாக்டர் கேட்டாள்.

“அவரு கை ஆடிச்சுமா. காந்தம் கண்ல இடிச்சுடுச்சு. வேணாம் மேஸ்திரின்னு நானே எந்திரிச்சு வந்துட்டேன்.”

டாக்டரின் பேனா நின்றது. “அவரு கையும் ஆடுமா? இப்ப எங்க இருக்காரு?”

“ஊட்லதான். எந்திரிச்சு நடக்க முடியல. வயசாயிடுச்சின்னு சொல்லிக்கினாங்க.”

“பட்டறையில வேற யாருக்காவது இப்படி இருக்காண்ணா?”

அவர் ஆடுகிற வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையில் விரல் மடக்க ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நான் போதும் போதும் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஐந்து விரலும் மடங்கின.

இரண்டு வாரம் கழித்து அந்தத் துகளை ஒரு கண் ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். அதன் பிறகு ஸ்கேனும் எடுத்தார்கள், நான் வெளியே பின்களைக் கையில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூளையில் அந்த மாங்கனீஸ் தங்குகிற இடம் படத்தில் பளிச்சென்று தெரிந்தது, புகையால் வந்ததுதான். இனி புகைக்குப் போகக்கூடாது என்றார்கள். மாத்திரை கொஞ்சம்தான் கேட்கிறது. பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். மற்றவர்களையும் சீக்கிரமாகப் பார்த்தால் அவர்களுக்காவது இவ்வளவு முற்றாமல் தடுக்கலாம் என்று டாக்டர் சொன்னாள். பட்டறைக்குள் அவளை விடமாட்டார்கள். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், மடக்கிய ஐந்து விரல்களில் முதல் விரலின் வீட்டுக்கு நான் போனேன்.

புதுவாயலில் கடைத்தெருவுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. இவரோடு வேலை பார்த்தவரின் பெண்சாதி கதவைத் திறந்தாள். நிலைப்படியை மறித்துக்கொண்டு நின்றாள். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன், உன் வீட்டுக்காரருக்குக் கை நடுங்குகிறதா என்று.

“அதெல்லாம் ஒன்னும் இல்லக்கா” என்றாள்.

கேள்வி முடியும் முன்பே வந்த பதில் அது. உள்ளே யாரோ டீ டம்ளரைத் தட்டில் வைக்கப் பார்த்தார்கள். டம்ளர் தட்டில் தடதடவென்று அடித்துக்கொண்டே இருந்தது, நிற்கவில்லை. அவளுக்கும் கேட்டது, எனக்கும் கேட்டது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் இருந்த பயத்தை நான் எங்கள் வீட்டுக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.