சிவப்புக் கயிறு கட்டிய நண்டுகள்

என் ஆய்வக மேசை இழுப்பறையில் ஒரு சாண் நீளச் சிவப்பு ராஃபியா பிளாஸ்டிக் கயிறு கிடக்கிறது. நண்டு கட்டிய கயிறு. எத்தனை முறை கழுவியும் சேற்று வாடை போகவில்லை. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை.

கட்டியவர், பினாங்கில் சுங்கை பினாங் பக்கம் சந்தையில் நண்டு விற்ற அக்கா. மலேசியாவின் மேற்கே, பினாங்குக் கரையின் சேற்று நண்டும் கிழக்குக் கரை நண்டும் மரபணுவில் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. நண்டுக்கு ஒரு கால் போதும் எனக்கு. ஒடித்து ஆல்கஹால் குப்பியில் போட்டு, எண்ணும் ஊரும் எழுதி ஒட்டுவேன். "காலில்லாத நண்ட எவன்மா வாங்குவான்?" என்று அலுத்துக்கொள்வார், ஆனாலும் கொடுப்பார். சிவப்புக் கயிறென்றால் அக்காவின் நண்டு, அக்காவின் நண்டென்றால் உள்ளூர் நண்டு. சந்தையே அப்படித்தான் நம்பியது. நானும்.

முடிவு வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பினாங்கு நண்டுகளில் பாதி, அச்சு அசலாகக் கிழக்குக் கரை வகை! நீரோட்டம்தான் குஞ்சுகளைத் தீபகற்பத்தைச் சுற்றி அடித்துக்கொண்டு வந்திருக்கிறது என்று பெரிய கதையே கட்டிவிட்டேன். என் பேராசிரியை ஒரே கேள்விதான் கேட்டார்: "வாங்கின இடத்தில் விசாரித்தாயா?"

விசாரித்தேன். அக்காவின் முகம் சுருங்கிப் போனது. "அந்த மாசம் இங்க நண்டே கிடைக்கலமா. கிழக்குக் கரைப் பக்கத்துலேருந்து லாரியில வந்தத வாங்கி என் கயித்தப் போட்டுக் கட்டினேன். நீ பஸ் ஏறி வந்துட்டு வெறுங்கையோட போவியேன்னுதான்... எந்தக் கரை கெத்தாமா இருந்தாலும் நண்டு ஒண்ணுதானே லா?"

சந்தையென்றும் பாராமல் கத்தினேன். இரண்டு வருட உழைப்பு போச்சே என்ற ஆத்திரம். மறுவாரமே அவர் கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டு, பத்து நாள் விடியற்காலையில் என்னோடு படகுத்துறையில் வந்து நின்றார். கரையேறிய நண்டுகளை என் கண்ணெதிரே கட்டிக் கொடுத்தார். அதில் ஒன்றின் கயிறுதான் இது. அந்த நண்டுகளால்தான் எனக்குப் பட்டம் கிடைத்தது.

ஆய்வேடு அச்சாகி வந்ததும் பெருமையாக எடுத்துப் போனேன். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு புரட்டினார். "இதுல நான் எங்கமா இருக்கேன்?" என்றார்.

நன்றிப் பக்கத்தில் பேராசிரியை முதல் குளிர்பெட்டி பழுது பார்த்தவர் வரை எல்லாரும் இருந்தார்கள், அவர் இல்லை. நண்டுக்கெல்லாம் எண்ணும் ஊரும் எழுதியவள், மூன்று வருடத்தில் அவர் பெயரைக் கேட்டதே இல்லை. பினாங்கு நண்டுகளின் அட்டவணையில் விரலை வைத்து, "இது பூரா நீங்கதான்க்கா" என்றேன். அந்த எண்களைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். அப்போதாவது கேட்டிருக்கலாம். வெட்கம் விடவில்லை.

இப்போது அந்தக் கடையில் வேறு யாரோ. எதிர்க்கரையில் பிறை என்ற ஊரிலுள்ள மகள் வீட்டோடு போய்விட்டாராம். பக்கத்துக் கடைக்காரருக்கும் அவர் 'நண்டு அக்கா'தான். என் ஆய்வகத்தில் எல்லாக் குப்பிக்கும் பெயர்ச்சீட்டு உண்டு. இந்தக் கயிற்றுக்கும் ஒன்று வெட்டி வைத்திருக்கிறேன். எழுதத்தான் பெயர் தெரியவில்லை.