ஊதாத சங்கு

கழுத்தை நீட்டிக்கொண்டே சண்டை பிடிக்கும் தைரியம் மனிதனுக்கு நாவிதன் முன்னால் மட்டும்தான் வரும். என்னைப் போலக் கத்தி பிடித்துப் பிழைக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கண்டிக்கு மேலே ஹந்தானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நாவிதனாக இருந்தபோது நான் கிறிஸ்து வேதத்தில் சேர்ந்தேன். அதன் பிறகு எனக்கு வாய்த்த கழுத்துகளைப் பற்றிச் சொல்கிறேன்.

முதல் தாடை

கண்டிக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்று வந்த மறுநாள் மாலை, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிவிட்டு வந்த ராமன் என் பலகையில் உட்கார்ந்தார். நெற்றியில் திருநீறு இல்லாததைக் கவனித்துவிட்டார். பெயர் யாக்கோபு ஆகிவிட்டதாமே, வெள்ளைக்காரன் உடுப்புக் கொடுத்தானா என்று விசாரணை ஆரம்பமானது. பெயர் மாறியது நிஜம், உடுப்பு பழையதுதான் என்றேன். முகம் நிறைய நுரையோடு கத்தியைப் பார்த்துக் கேட்டார்:

"கத்திக்கும் தண்ணி ஊத்திட்டாங்களா, இல்ல அது இன்னும் நம்ம சாமி பக்கந்தானா?"

கங்காணியின் தீர்ப்பு

தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரு சாவு விழுந்தால் நம்மாள்தான் முன்னால் நடக்க வேண்டும். சங்கு ஊதுவது, சடங்கு செய்விப்பது, கொள்ளி வைக்கிற மகனுக்குத் தலை மழிப்பது எல்லாம் நம் தலையில்தான். கொஞ்ச நாளில் ஒரு கிழவர் செத்துப்போனார். நான் பெரிய கங்காணியிடம் போனேன். தலை மழிக்கிறேன், பாடை தூக்குகிறேன், விறகும் அடுக்குகிறேன், ஆனால் சங்கும் சடங்கும் இனி என்னால் ஆகாது என்று சொன்னேன். தேயிலை விலை விழுந்து, தோட்டத்துக்குத் தோட்டம் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவை விட்டு இறக்கிவிட்டால் மனைவியோடும் கைக்குழந்தையோடும் எங்கே போவது?

கங்காணி கத்தவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"சங்கு ஊதாத கை இந்தத் தோட்டத்துல ஒரு தலையையும் தொடக்கூடாது. தை பொறக்குறதுக்குள்ள புத்தி வரலேன்னா காம்பிராவைக் காலி பண்ணிரு."

கிளாக்கரின் யோசனை

தோட்டத்துக் கந்தோரில் கணக்கு எழுதும் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஒருவர் இருந்தார். அவரும் வேதக்காரர்தான், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். எனக்காகப் பேசுவார் என்று நம்பிப் போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டு ஒரு வழி சொன்னார். சங்கை நான் வாயில் வைத்துக்கொண்டால் போதும், பின்னால் ஒருவன் நின்று ஊதுவான், கடவுளுக்கு உள்ளது விளங்கும். கடவுளுக்கு விளங்கும் ஐயா, செத்த வீட்டுக்காரரை ஏமாற்றினது போலல்லவா ஆகும் என்றேன். அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"துரைக்கு ஒரு முகம், கங்காணிக்கு ஒரு முகம் வைச்சுத்தான் நான் இவ்வளவு காலமும் இருக்கிறன். உமக்கு மட்டும் ஒண்டு போதுமோ?"

டவுன் கழுத்து

லயத்தில் ஒருவரும் தலை கொடுக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாள்தோறும் கண்டி டவுனுக்கு இறங்க ஆரம்பித்தேன். அக்குறணை ஊர் முஸ்லிம் முதலாளி ஒருவர் தம் புடவைக் கடையின் பின்பக்கத்தில் இடம் கொடுத்தார். விஷயம் தெரிந்ததும் அவர் என் வேதத்தைக் குடைய ஆரம்பித்தார். தாடைக்குக் கீழே கத்தி இருக்கும்போதுதான் அவருக்குப் பெரிய பெரிய கேள்விகள் வரும். தெரிந்ததற்குப் பதில் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். கடைசியில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"உங்கட மார்க்கம் எனக்குச் சரிவராது தம்பி. ஆனா பயத்துக்குச் சங்கு ஊதுற ஆளுக்கிட்ட என்ட கழுத்தக் குடுக்கவும் ஏலாது. நாளைக்கும் வாங்க."

கங்காணியின் தலை

இதற்கிடையில் தோட்டத்துக்கு வத்தேகமவிலிருந்து ஒரு நாவிதர் வந்துபோனார். சங்கு அருமையாக ஊதுவார். கத்திதான் அவர் பேச்சைக் கேட்காது. லயத்து ஆட்கள் தாடையில் பஞ்சு ஒட்டிக்கொண்டு கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போனார்கள்.

மார்கழியில் பெரிய கங்காணியின் அப்பா காலமானார். என்னைக் கூட்டிவர ஆள் வந்தது. காலி பண்ணச் சொல்லத்தான் என்று நினைத்து, மனைவியிடம் சட்டி பானையைக் கட்டச் சொல்லிவிட்டுப் போனேன். கங்காணி ஈர வேட்டியோடு பலகையில் உட்கார்ந்திருந்தார். வத்தேகமக்காரர் சங்கோடு பக்கத்தில் நின்றார். "எங்கப்பாவுக்கு ஒரே ஒரு தடவ ஊதக்கூடாதா?" என்று கங்காணி கேட்டார். குரலில் அதிகாரம் இல்லை. மிரட்டலைத் தாங்கிய எனக்கு இதைத் தாங்க முடியவில்லை, அழுதுவிட்டேன். நம்பாமல் ஊதினால் அது பெரியவருக்கு மரியாதை இல்லை ஐயா, அவர் சாவில் நான் பொய் செய்ய மாட்டேன் என்றேன்.

அவர் வத்தேகமக்காரரைப் பார்த்தார். தம் தாடையில் ஆறாத காயத்தைத் தடவினார். பிறகு என் முன்னால் தலையைக் குனிந்தார்.

"சங்குக்கு அவன் இருக்கான். தலைக்கு நீ வா."

காம்பிரா எங்களுக்கே நிலைத்தது, ஆனால் என் விசுவாசத்துக்காக ரத்தம் சிந்தியவர்கள் யார் என்று யாராவது கேட்டால், வத்தேகமக்காரரிடம் சவரம் பண்ணிக்கொண்ட அந்த லயத்து ஆட்களைத்தான் நான் காட்ட வேண்டும்.