துண்டு போட்ட சூரன்

மகன் போனில் அமெரிக்க ஃபுட்பால் ஓடியது. ஒருவன் பந்தை இடுக்கிக்கொண்டு பாய, முன்னால் யானை மாதிரி ஐந்து பேர் எதிராளிகளை மறித்து வழி செய்தார்கள்.

“ஓடுறான் பாருப்பா, அவன்தான் இன்னிக்கு ஹீரோ” என்றான் மகன்.

எனக்கோ திண்டிவனம் பஸ் ஸ்டாண்டின் டீசல் புகையும் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் அவித்த வேர்க்கடலை வாசமும் மூக்கில் ஏறிவிட்டன.

நிறைமாத அம்மாவை விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன நாள். முகூர்த்தக் கூட்டம். சீட்டுப் பிடிக்கும் பொறுப்பு எட்டு வயது எனக்கு. அப்பாவும் பெரியப்பாவும் சித்தப்பாவும் பஸ் வாசலில் கைகோத்துக் கூட்டத்தை மறித்தார்கள்.

“ஜல்தி உள்ள பூர்றா!” என்றார் பெரியப்பா.

அவர் கக்கத்துக்கு அடியில் நுழைந்து ஓடினேன். பயத்தில் கண்ணை மூடியபடி துண்டை விரித்து, அதன்மேலேயே படுத்துவிட்டேன்.

“டேய், விழுப்புரத்துக்கு நீயே ஓட்டிக்கினு போறியா?” என்றார் டீ கிளாஸோடு வந்த டிரைவர். அது அவருடைய சீட்டு.

அலறிப்போய்ப் பின் சீட்டுக்குத் தாவித் துண்டைப் போட்டேன். நல்லவேளை, மூவரும் அம்மாவைத் தவிர ஒருவரையும் இன்னும் உள்ளே விடவில்லை. அம்மா உட்கார்ந்து, “எம்புள்ள சூரன்!” என்று என் முகத்தை வழித்தாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

பஸ் கிளம்பியபோது அப்பா படியில் தொங்கினார். மற்ற இருவருக்கும் இடமே இல்லை. கிழிந்த சட்டையோடு சித்தப்பா கீழே நின்று, “அண்ணி, பாத்துப் போங்க!” என்று கத்தினார். சூரன் அவர்களுக்குக் கைகூடக் காட்டவில்லை.

போனில், ஓடியவன் அந்த ஐந்து பேரையும் ஒவ்வொருவராகக் கட்டிக்கொண்டான். எனக்கு இப்போதுதான் அந்த மூவரையும் அப்படிக் கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. ஒருவர்கூட இன்று உயிரோடு இல்லை.