லிங்க் திறக்கவில்லை

வாஷிங் மெஷின் சுற்றத் தொடங்கிய பிறகுதான் கேஜ் வாயைத் திறப்பார். பின்பக்க பால்கனியில், மெஷினுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே ஒரு ஸ்டூல். அதில் உட்கார்ந்து போனை உதட்டருகே பிடிப்பார். கதவைத் தட்டுகிற மாதிரி நடுவிரல் முட்டியால் மைக் படத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பேசுவார். அவர் பேசப் பேச அது எழுத்தாக விழும். மெஷின் நின்றால் அவரும் நிறுத்திவிடுவார். இத்தனை வருஷத்தில் தன் கைக்குட்டையைக்கூட அலசாத மனிதர், நாலு மாதமாகத் தினமும் துணி துவைக்கிறார். "எந்த மகராசன் புத்தி சொன்னானோ, நல்லா இருக்கட்டும்" என்று மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிப் பூரித்துப் போகிறாள். அழுக்குத் துணி இல்லாத நாளில் அலமாரியிலிருந்து சுத்தமான துண்டுகளை எடுத்து உள்ளே போடுகிறார் என்பது அவளுக்குத் தெரியாது.

பம்பு செய்கிற பட்டறையில் வேலை. வார்த்து வரும் இரும்பு மூடிகளின் ஓரத்தைக் கை கிரைண்டரால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். இருபத்தொன்பது வருஷமாக அதுதான். தேய்த்து முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலை ஓரத்தில் ஓட்டுவார். "இங்க பிசிறு இருக்கு" என்றால் இருக்கும். அளக்கிற கருவியான கேஜுக்கு அகப்படாதது அந்த விரலுக்கு அகப்படும். அதனால்தான் கேஜ் என்று பெயர். ஃபோர்மேன் முதல் வாசல் காவலாளி வரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். சம்பளச் சீட்டில் சொந்தப் பெயரைப் பார்த்தால் அவருக்கே யாரோ மாதிரி இருக்கும்.

கிரைண்டரின் அதிர்வு ஏறி ஏறி விரல் நுனிகள் மரத்துப்போய் ஒரு வருஷம் ஆகிறது. முதலில் காலையில் மட்டும் இருந்தது. இப்போது நாள் முழுக்க. யாரிடமும் மூச்சு விடவில்லை. கண்ணை மூடி விரலை ஓட்டும் பழக்கத்தையும் விடவில்லை. ஓட்டிவிட்டு ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்து, குத்துமதிப்பாக "தாராளமா போகட்டும்" என்பார். போன மாதம் அப்படிப் போன பதினாலு மூடிகள் திரும்பி வந்தன. "கேஜ் கை வச்சதுல தப்பு வராதுய்யா, நீதான் சொதப்பியிருக்கே" என்று ஃபோர்மேன் பக்கத்து மேடையில் வேலை பார்ப்பவரைப் பிடித்து, எல்லார் முன்னாலும் கிழி கிழியென்று கிழித்தார். கேஜ் தலையைக் குனிந்து கையுறையைத் தட்டிக்கொண்டே இருந்தார். சாயங்காலம் அந்த ஆளுக்கு டீ வாங்கிக்கொடுத்தார். "என்ன கேஜ், நீங்களே டீ வாங்கித் தர்றீங்க! மழை கொட்டப்போகுது" என்று அவர் வெள்ளந்தியாகச் சிரித்தார். கேஜ் பாதி டீயோடு கிளாஸை வைத்துவிட்டு நடந்தார்.

வேலையை விட்டவர்களும் விடப்போகிறவர்களும் சந்தேகம் கேட்கிற ஒரு குழு இணையத்தில் இருக்கிறது. அங்கே இவர் 'விருந்தினர் 418'. டாக்டரிடம் போனால் தலைவலி, மூட்டுவலி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிற ஆள். இங்கேயும் அப்படித்தான் கேட்டார்.

"ஐயா வணக்கம். ஒண்ணு, மக அனுப்பின லிங்க் திறக்க மாட்டேங்குது. தொட்டா கறுப்பா ஒரு பொட்டி வந்து நிக்குது. ரெண்டு, வயசு அம்பத்திரண்டு. இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கு. இப்பவே நின்னுட்டா தப்பா? மூணு, குடும்பத்தோட வெளியூர் போனா, எல்லாரோடயும் ஒரே ரூம்ல இல்லாம தனியா தங்க வழி இருக்கா?"

பதில்கள் வந்து குவிந்தன. போனை அணைத்துப் போடுங்கள் என்றார் ஒருவர். போனையே மாற்றுங்கள் என்றார் இன்னொருவர். அம்பத்திரண்டில் வீட்டில் உட்கார்ந்தால் மனைவி காய்கறி நறுக்க வைத்துவிடுவாள் என்று ஒருவர் சொந்த அனுபவத்தை எழுதினார். மூன்றாவது கேள்விக்கு மட்டும் ஒருவர், "மாமியாரா? புரியுது சார்" என்று போட்டிருந்தார்.

லிங்க் விஷயம் இதுதான். பள்ளி விடுமுறைக்கு மகள், மருமகன், ஆறு வயதுப் பேத்தி, இவர்கள் இரண்டு பேர் என ஐந்து பேரும் கடலோரத்தில் நாலு நாள் தங்க ஏற்பாடு. மகள் அனுப்பிய லிங்க்கைத் திறந்து, வெள்ளிக்கிழமைக்குள் தங்கள் விவரத்தை நிரப்ப வேண்டும். மனைவியிடம் இருப்பது பொத்தான் போன். அதனால் அவள் பெயரையும் இவர் போனில்தான் போட்டாக வேண்டும். மரத்த விரலுக்குக் கண்ணாடியைத் தொட்டோமா இல்லையா என்பது தெரியாது. அழுத்துவார், அழுத்திக்கொண்டே இருப்பார், கறுப்புப் பெட்டி வந்துவிடும். முட்டியால் தட்டினால் லிங்க்குக்கு மேலே இருக்கும் பேத்தியின் படம் திறந்துகொள்ளும்.

அந்தப் படத்தைப் பார்த்தால் கேஜுக்கு உடம்பு கூசும். போன முறை வந்தபோது, "தாத்தா, லேஸ் கட்டி விடு" என்று குழந்தை காலை நீட்டியது. இரண்டு தரம் முயன்றார். கயிறு விரலில் நிற்கவில்லை. மருமகன் பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை பெரிய பொண்ணு, லேஸ் கட்டத் துப்பில்லையா?" என்று கேஜ் குழந்தையிடம் கத்திவிட்டார். குழந்தை வண்டி ஏறும்வரை அழுதது. சட்டைப் பொத்தானும் வசப்படாமல் போனதும் டீ-ஷர்ட்டுக்கு மாறினார். "வயசான காலத்துல ஸ்டைலைப் பாரு!" என்று மனைவி கேலி செய்தாள். அந்தக் கேலியில் ஒளிந்துகொள்ள வசதியாக இருந்தது. நாலு நாள் ஒரே அறையில் எங்கே ஒளிவது? லிங்க் திறக்காதது ஒரு வகையில் நல்லதுதான் என்றுகூட நினைத்தார். ஆனால் மனைவி புதுப் பை வாங்கி, கட்டிலடியில் வைத்து, நாளுக்கு ஒரு தரம் வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் மகள் பேசினாள். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது. "அப்பாவுக்கு வர இஷ்டமில்லைன்னா சொல்லிடச் சொல்லும்மா. நாளையோட முடியுது. பாப்பா வேற, தாத்தாவுக்கு என்னைப் பிடிக்காதான்னு கேக்குறா."

கேஜ் துண்டுகளை அள்ளிக்கொண்டு பால்கனிக்குப் போய் மெஷினை ஓட்டிவிட்டார். குழுவில் 'தையல் டீச்சர்' என்றொரு அம்மாள் புதிதாக எழுதியிருந்தார். "அண்ணே, லிங்க்ல கோளாறு இல்ல. ரொம்ப நேரம் அழுத்தினாத்தான் அந்தக் கறுப்புப் பொட்டி வரும். தொட்டது தெரியாதவங்கதான் அப்படி அழுத்துவாங்க. எனக்கென்னவோ நீங்க கேட்ட மூணும் ஒரே கேள்வியாத் தெரியுது. விரலுக்கு என்ன ஆச்சுண்ணே?"

காது மடல் வரை சூடேறியது. முகம் தெரியாத ஒருத்தி, எந்த ஊரிலோ உட்கார்ந்துகொண்டு, தன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது. மைக்கைத் தட்டினார். மெஷின் ஒரு குலுங்கு குலுங்கி நின்றதை அவர் கவனிக்கவில்லை.

"என் விரலுக்கு ஒண்ணும் ஆகலை! நல்லாத்தான் இருக்கு!"

"யாருக்கு விரல் நல்லா இருக்கு?" மனைவி டீயோடு கதவருகே நின்றாள்.

"அது... லிங்க்ல கோளாறும்மா. அதான் விசாரிச்சிட்டு இருக்கேன்."

"கொதிக்குது, பாத்துப் பிடிங்க."

அவள் கைத்துணியை மடித்துப் பிடித்திருந்த எவர்சில்வர் டம்ளரை, கேஜ் உள்ளே குளிர்ந்த தண்ணீர் இருப்பது மாதிரி வெறும் விரல்களால் சுற்றி வளைத்து வாங்கினார். அவள் துணியைப் பார்த்தாள். அவர் விரல்களைப் பார்த்தாள். அவை சிவந்துகொண்டிருந்தன. சட்டென்று டம்ளரைப் பிடுங்கி மெஷின் மேல் வைத்தாள்.

"சுடலையா?"

"பட்டறைக்காரன் கைடி இது. இதெல்லாம் ஒரு சூடா?" சிரிக்கப் பார்த்தார்.

அவள் சிரிக்கவில்லை. டீ-ஷர்ட்டை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அவர் கையிலிருந்த போனை வாங்கி, மகள் அனுப்பியதைத் தேடி, நீல எழுத்தை ஒரு தரம் தொட்டாள். திறந்துகொண்டது. கேஜ் கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி இரண்டு பெயரையும் போட்டாள்.

"போட்டோ கேக்குது. இந்த டீ-ஷர்ட்டோட வேண்டாம். காலர் வச்ச சட்டையைப் போட்டுட்டு வாங்க."

"சட்டையெல்லாம் மெஷின்ல கிடக்கு."

அவள் மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்தாள். "நேத்து நான் மடிச்சு வச்ச துண்டுதானே கிடக்கு?" என்றாள். குரல் உயரவில்லை.

கேஜ் எழுந்து உள்ளே போனார். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. அவள் கூப்பிடாமல் காத்திருந்தாள்.

போன வருஷம் மகள் எடுத்துக்கொடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு பொத்தான்கூடப் போடவில்லை. அவளுக்கு எதிரே வந்து, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தொங்கவிட்டு, மோவாயைச் சற்று உயர்த்திக்கொண்டு நின்றார்.