தேருக்குப் பின்னால் ஒரு குவாண்டம் கம்ப்யூட்டர்

போன வாரம் தேர் அன்று காலை, ஒரு மைக் செட் வேனில் நின்றுகொண்டு செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தேன். பார்த்தவர்கள் நான் தேரை வீடியோ எடுப்பதாக நினைத்தார்கள். இல்லை... குவாண்டம் கம்ப்யூட்டர் ஓட்டிக்கொண்டிருந்தோம்.

சொல்கிறேன்.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் மாடி அறையை முபீனா என்ற பெண் ஆபீஸாக வைத்திருக்கிறாள். வெளிநாட்டில் ஒரு குளிர்ப்பெட்டிக்குள் இருக்கும் குவாண்டம் கம்ப்யூட்டருக்கு இங்கிருந்தே கட்டளை அனுப்பும் மென்பொருளை வேகப்படுத்துவது அவள் வேலை. அந்த இயந்திரத்தைச் சும்மா நிற்கவிட்டால் சுருதி விலகிவிடுமாம். மறுபடி முதலிலிருந்து சேர்க்க வேண்டும். மென்பொருளோ கணக்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே எதற்கோ காத்திருந்தது. எதற்கு? நான்கு மாதமாகத் தேடியும் பிடிபடவில்லை.

அன்று ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி நேரம் இயந்திரம் அவளுக்கு. அதற்குள் வேகத்தைக் காட்டாவிட்டால் திட்டத்தையே மூடிவிடுவார்கள். எட்டே முக்காலுக்கு, தேர் வருகிறதென்று கரன்ட்டை நிறுத்தினார்கள். அவள் லேப்டாப்போ சார்ஜரை உருவினால் ஐந்தாவது நிமிடம் கண்ணை மூடிவிடும் ரகம்.

"அங்கிள், இந்தத் தெருவுல எங்கயாவது கரன்ட் இருக்குதா?"

இருந்தது. தேருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த மைக் செட் தேவராஜின் வேனில் — ஜெனரேட்டர்.

எதற்கென்று கேட்டார் தேவராஜ். சொன்னாள். புரிந்த மாதிரியே தலையாட்டினார்.

"ஒரு பிளக்கு காலியாத்தான் இருக்குது, ஏறிக்கமா. ஆனா தேரு நகந்தா நானும் போய்க்கினே இருப்பேன்."

முபீனா இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவே உட்கார்ந்தாள். என் போன்தான் ஹாட்ஸ்பாட். ஊரே வீடியோ அனுப்பிக்கொண்டிருந்ததால் நெட் திக்கித் திக்கி வந்தது. கூட்டத்தில் ஒரு அம்மா வேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது டிவில வருமாம்மா?"

"வராதுமா" என்றாள் முபீனா.

"அப்ப எதுக்குமா?"

மணி ஒன்பதரை. திரையில் ஒரு பச்சைக் கோடு கொஞ்சம் வளரும்... நிற்கும்... மறுபடி கொஞ்சம் வளரும்.

"அது என்னம்மா கோடு?" என்றேன்.

"வேலை எவ்ளோ முடிஞ்சிதுன்னு காட்றது அங்கிள். சும்மா நாம பாக்கறதுக்கு..."

பாதியில் நிறுத்தினாள். கோட்டையே பார்த்தாள்.

"நாலு மாசமா இதுக்குத்தான் காத்துக்கினு இருந்திருக்குது."

விஷயம் இதுதான். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மென்பொருள் இவள் லேப்டாப்புக்கு வந்து, கோட்டைத் துளி நீட்டி, 'நீட்டியாச்சு' என்ற பதில் போனபிறகே அடுத்த சுற்றைத் தொடங்கியிருக்கிறது. மாடி அறை நெட்டில் அந்தத் துளித் தாமதம் கண்ணில் படவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான சுற்றுகளாயிற்றே... தேர்க்கூட்டத்து நெட்டில் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

மென்பொருளில் மூன்று வரிகளை அழித்தாள். அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் பாதிகூட முடியாத வேலை, தேர் அடுத்த தெருவுக்குத் திரும்புவதற்குள் முடிந்தது. முபீனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த அம்மா, என்ன ஏதென்று கேட்காமல், ஒரு டம்ளர் நீர்மோரை நீட்டினார்.

யாரும் பார்க்காத ஒரு கோட்டுக்காக, உலகின் அதிநவீன இயந்திரம் கைகட்டி நின்றிருக்கிறது. நம் ஆபீஸ்களில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? வேலை செய்வதைவிட, செய்வதாகக் காட்டுவதற்குத்தானே நேரம் போகிறது?

அறிக்கையில் 'சோதனை நடந்த இடம்' என்று ஒரு கட்டம் இருந்ததாம். முபீனா யோசித்து, 'நகரும் ஆய்வகம்' என்று எழுதி அனுப்பினாள். மேலதிகாரிக்கு மகிழ்ச்சி. அடுத்த சோதனைக்கும் அதே ஆய்வகத்தை முன்பதிவு செய்யச் சொல்லிவிட்டார்.

தேவராஜிடம் கேட்டோம். ஆடி முடியும் வரை டேட் இல்லையாம்.